எதிர்த்திசையில் ஓடினால்?

ரசாயன ஆலை விபத்துச் செய்திகளில், ஆபத்துகளை முன்கூட்டியே தேடும் ‘ஹேசாப்’ என்ற ஆய்வின் பெயர் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆய்வெல்லாம் முடித்துத்தான் ஆலையை ஓட்டினோம் என்று நிர்வாகம் சொல்லும். ஆய்வு நடந்தும் எப்படி வெடித்தது என்று படிப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஆய்வில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஆலையின் குழாய்ப் படத்தை மேசையில் விரிக்கிறார்கள். வடிவமைப்பாளர், ஆபரேட்டர், கருவிப் பொறியாளர், பராமரிப்பாளர் எல்லோரும் சுற்றி உட்காருகிறார்கள். ஒரு குழாயை எடுத்து, அதன் வேலை என்ன என்று எழுதுகிறார்கள். பிறகு ஏழு சொற்கள்: இல்லை, அதிகம், குறைவு, கூடவே வேறொன்று, ஒரு பகுதி மட்டும், எதிர்மாறு, முற்றிலும் வேறு. ஓட்டம், அழுத்தம், வெப்பநிலை, மட்டம் என ஒவ்வொன்றோடும் இந்தச் சொற்களைச் சேர்க்கிறார்கள். அப்படி ஒரு பிறழ்வு எதனால் நேரும், நேர்ந்தால் என்ன ஆகும், தடுக்க என்ன இருக்கிறது, அது போதுமா? பதில் கிடைக்கும்வரை, அல்லது பரிந்துரையாகக் குறித்துக்கொள்ளும்வரை, அடுத்த குழாய்க்கு நகரக்கூடாது.

நம் வீட்டு மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அதன் வேலை. ஓட்டம் இல்லை: தரைத்தொட்டி காலி, அல்லது ஃபுட் வால்வு கசிந்து ஏர் லாக். மட்டம் அதிகம்: மாடியிலிருந்து கொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர் நனையும். கூடவே வேறொன்று: தரைத்தொட்டியின் விரிசல் வழியே சாக்கடை கலக்கும். முற்றிலும் வேறு: லாரிக்காரர் உப்புத் தண்ணீரை இறக்கிவிட்டுப் போயிருப்பார். இதுவரை எந்த இல்லத்தரசியும் சொல்லிவிடுவார். எதிர்மாறு? மேல்குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்து, ஃபுட் வால்வும் பழுதாகியிருந்தால், மோட்டார் நின்றதும் ஏற்றிய தண்ணீர், குழாய் வாயின் மட்டம்வரை, சைஃபன் முறையில் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். ஏற்றுகிற குழாய் இறக்கவும் செய்யும் என்பது கேட்காதவரை யாருக்கும் தோன்றாது.

‘எதிர்மாறு’ என்ற ஒரு சொல்லுக்காகவே இந்த முறையை எனக்குப் பிடிக்கும். பாதுகாப்பு வல்லுநர் டிரெவர் கிளெட்ஸ் பதிவுசெய்த ஒரு விபத்தைப் பாருங்கள். எத்திலீன் ஆக்சைடையும் அம்மோனியா கரைசலையும் சேர்த்து எத்தனாலமைன் தயாரித்த ஆலை அது. அம்மோனியா பின்னோக்கி வந்து எத்திலீன் ஆக்சைடு தொட்டிக்குள் புகுந்துவிட்டது. வழியில் ஒருவழி வால்வுகள் வரிசையாக இருந்தன. பின்னோக்கி விடாத வகைப் பம்பும் இருந்தது. ஆனால் அழுத்தம் மிகுந்தால் பம்பைக் காக்க ஒரு ரிலீஃப் வால்வு உண்டு. அது திறந்தால் பம்பின் உறிஞ்சுபக்கத்துக்கே வடியும். கசிந்த ஒருவழி வால்வுகளைத் தாண்டி வந்த அம்மோனியா, பம்பைக் காக்க வைத்த அந்த வழியிலேயே சுற்றிக்கொண்டு போனது. தொட்டியில் இருந்த 30 கனமீட்டர் எத்திலீன் ஆக்சைடு அதனோடு வினைபுரிந்து, தொட்டி பிளந்து, ஆவிமேகம் வெடித்தது. பம்பும் வால்வுகளும் தனித்தனியே பார்த்தால் சரியானவைதான். ‘ஓட்டம், எதிர்மாறு’ என்று கேட்டு விரலால் படத்தில் பின்னோக்கி நடந்திருந்தால், அந்தக் கள்ளவழி அகப்பட்டிருக்கும்.

வரலாறு சுருக்கமானது. 1963-இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் ஒரு பீனால் ஆலையை வடிவமைத்தபோது, ஒரு குழு வாரத்தில் மூன்று நாள் வீதம் நான்கு மாதம் உட்கார்ந்து கேள்வி கேட்டது. அதிலிருந்து வளர்ந்த முறை 1974-இல் கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் அவசரத்துக்குப் பொருத்திய ஒரு மாற்றுக்குழாய் முறிந்து 28 பேர் இறந்தார்கள். பிறகுதான் மற்ற நிறுவனங்கள் இதைத் தீவிரமாகத் திரும்பிப் பார்த்தன.

இப்போது படத்தைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே ஹேசாப் அட்டவணையை நிரப்பித் தரும் என்று விற்கிறார்கள். அட்டவணை நிரம்பும், சந்தேகமில்லை. ஆனால் படத்தில் இல்லாததை அது எங்கே போய்ப் பார்க்கும்? 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஓர் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். ஸ்டைரீன் தானாகவே பாலிமராகி வெப்பத்தை உமிழும் திரவம். தொட்டியில் வெப்பநிலை அளக்கும் கருவி இருக்கத்தான் செய்தது. ஆனால் அடிப்பகுதியில் மட்டும். மேலடுக்குகள் சூடேறியது அதற்குத் தெரியவில்லை. சில மாதம் முன்பு குழாயமைப்பை மாற்றியதால் உள்ளே திரவம் சரியாகக் கலக்கவும் இல்லை என்று அரசின் உயர்மட்டக் குழு சொன்னது. ‘வெப்பநிலை அதிகம்’ என்ற வரிக்கு எதிரே ‘கருவி உள்ளது’ என்று எழுதுவது சுலபம். அந்தக் கருவி எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்க, தொட்டியைச் சுற்றி வந்த ஒருவர் அறையில் இருக்க வேண்டும். இரவு ஷிப்ட் ஆபரேட்டர் இல்லாத ஹேசாப்பை நான் ஆய்வாக ஏற்கமாட்டேன். குழாயை மாற்றிய பிறகும் மீண்டும் கூடி ஆராயாத குழுவின் பழைய அறிக்கையும் அப்படித்தான்.

ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கேளுங்கள்: கடைசியாக ஆய்வு எப்போது நடந்தது, யார் உட்கார்ந்தார்கள், சொன்ன பரிந்துரைகளில் எவை பாக்கி? அபாய ரசாயனங்களை வரம்புக்கு மேல் கையாளும் ஆலைகள், பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் தெரிவித்தாக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன.