இருதயத்துக்குக் காற்று வைத்தியம்

இருதயம் பலவீனப்பட்டு, மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட தம் தகப்பனாருக்கு மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியொன்றை இறுகக் கட்டிக் காற்றைச் செலுத்தினார்களே, கோளாறு இருதயத்தில் இருக்க வைத்தியத்தை மூச்சுக்குச் செய்வானேன் என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

'சிபாப்', 'பைபாப்' என்று வழங்கும் அந்த யந்திரங்கள், தொண்டைக்குள் குழாய் இறக்காமலே காற்றை அழுத்தத்துடன் அனுப்பி, நீர் கோத்த நுரையீரலை விரித்து வைப்பவை என்பது பலரும் அறிந்ததே. அதே அழுத்தம் இருதயத்தினிடம் செய்யும் காரியந்தான் என்னைப் பெரிதும் வியக்கவைப்பது.

நாம் இயல்பாக மூச்சை இழுக்கையில் மார்புக்கூட்டினுள் அழுத்தம் குறைவதால் உடம்பின் ரத்தம் இருதயத்தை நோக்கி விரைகிறது. யந்திரத்தின் காற்றோ உள்ளே அழுத்தத்தை ஏற்றுவதால் அந்த வரத்து மட்டுப்படுகிறது. இதனால் இருதயம் வெளியேற்றும் ரத்தமும் குறையக்கூடும் என்பதை, 1956-இல் நோபல் பரிசு பெற்ற ஆந்த்ரே கூர்னாந்தும் அவருடைய சகாக்களும் 1948-லேயே அளந்து காட்டினார்கள். நல்ல இருதயத்துக்கு நஷ்டமான இதுவே, தேங்கிய ரத்தத்தால் விம்மி நிற்கும் நோயுற்ற இருதயத்துக்கு இளைப்பாறுதலாகிறது.

இன்னோர் உபகாரமும் உண்டு. எங்கள் வீட்டுக் கிணற்றடியில், நனைந்து கனத்த ஜமக்காளத்தைத் தனியே பிழியமாட்டாமல் என் தாயார் திண்டாடுகையில், அத்தை வந்து மறுமுனையைப் பற்றி முறுக்கினால் நீர் பொலபொலவென்று கொட்டும். இடது கீழறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது, மார்பினுள் ஏறிய அழுத்தமும் வெளியிலிருந்து அவ்வாறே துணைநின்று நெருக்குகிறது. திணறுகிறவர் மூச்சை ஆவேசமாக இழுக்க இழுக்க, அந்த இழுப்பு சுருங்க முயலும் இருதயச் சுவரை வெளிப்புறமாகப் பற்றி இழுத்து, அதன் உழைப்பைப் பெருக்குவதை எண்ணினால் இத்துணையின் அருமை விளங்கும். இத்தனைக்கும் பெரும்பாலும் வேண்டுவது 5 முதல் 10 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தமே. 1936-லேயே லண்டன் டாக்டர் பூல்டன், தூசி உறிஞ்சும் யந்திரத்தின் காற்றைக் கொண்டு இந்தச் சிகிச்சையைச் செய்திருக்கிறார்.

நீர்ச்சத்து வற்றியவருக்கும், ரத்த அழுத்தம் முன்பே தாழ்ந்தவருக்கும் இக்காற்று அதை மேலும் தாழ்த்திவிடக் கூடுமாதலால், யந்திரத்தை மாட்டிவிட்டு பி.பி.யைப் பாராமல் அப்பால் போவது பெருந்தவறு. அதனினும் வருந்தத்தக்கது, நோயாளி கை காட்டியதும் பாசத்தால் உறவினரே பட்டையை அவிழ்த்துவிடுவது. மூக்குத்தண்டு சிவந்து உறுத்தினாலும், காற்றுக் கசிந்து கண்ணில் அடித்தாலும் நீங்களாகத் தளர்த்தாமல் நர்ஸை அழையுங்கள். குமட்டுகிறதென்றால் அக்கணமே சொல்லுங்கள், முகமூடிக்குள் வாந்தி எடுப்பது உயிருக்கே ஆபத்து.