திகைப்பின் முதல் நொடிகள்

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்கு 228 பேருடன் அட்லாண்டிக் கடலுக்கு மேலே 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது ஏர் பிரான்ஸ் 447. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்துக்கொண்டன. ஆட்டோபைலட் சட்டென விலகியது. கேப்டன் ஓய்வில் இருந்தார். காக்பிட்டில் துணை விமானிகள் இருவர்.

மூக்கை உயர்த்தாமல், எஞ்சின் விசையை மாற்றாமல் பறந்திருந்தால் போதும். ஒரு நிமிடத்துக்குள் வேகமானிகள் சரியாகிவிட்டன. ஆனால் ஓட்டிக்கொண்டிருந்தவர் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுத்தார். மூக்கு உயர்ந்தது, வேகம் சரிந்தது, இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. அந்த நிலைக்கு ஸ்டால் என்று பெயர். அதற்கான எச்சரிக்கை 54 நொடி விடாமல் ஒலித்தது. ஆட்டோபைலட் விலகி நான்கரை நிமிடத்துக்குள் விமானம் கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

ஸ்டால் ஆனால் மூக்கை இறக்கு என்பது விமானி கற்கும் தொடக்கப் பாடங்களில் ஒன்று. தெரிந்த பாடம் ஏன் கைகொடுக்கவில்லை?

திடுக்கிடுவது உடல். தசை இறுகும், இதயம் படபடக்கும். சில நொடிகளில் அடங்கிவிடும். திகைப்பது மனம். நடப்பது இதுதான் என்று மனம் வைத்திருந்த கணிப்பு உடைந்து, புதிய கணிப்பு உருவாகாத இடைவெளி அது. அந்த இடைவெளியில் கவனம் குறுகுகிறது. காதில் விழும் எச்சரிக்கைகூட மனதில் பதியாமல் போகலாம். 447-இல் கருவியும் குழப்பத்தைக் கூட்டியது. பதிவான வேகம் மணிக்கு 60 கடல் மைலுக்குக் கீழே போனதும், அளவுகள் நம்பத்தகாதவை என்று கணினி ஒதுக்க, எச்சரிக்கை நின்றது. மூக்கு சற்று இறங்கி வேகம் பதிவானதும் மறுபடி ஒலித்தது. சரியான செயலே தவறுபோலத் தோன்றியது.

2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 18 விமானிகள் போயிங் 747 சிமுலேட்டரில் சோதிக்கப்பட்டனர். வழக்கமான பயிற்சி முறையில் வந்த ஸ்டாலை அவர்கள் விரைவாகச் சமாளித்தார்கள். எதிர்பாராமல் வந்தபோது தாமதித்தார்கள். ஆளுக்கொரு விதமாகச் செயல்பட்டார்கள். திறமை குறைந்துவிடவில்லை. எந்தப் பாடத்தை எடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் கோளாறுகளைத் தரும் பயிற்சி வலியுறுத்தப்படுகிறது. வரிசை மாற்றி, வகை மாற்றிப் பழகியவர்கள் புதிய சிக்கலை மேலாகக் கையாள்வதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிமுலேட்டரில் கண்டார்கள். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த சோதனையில் தேறுவது பாதித் தேர்ச்சிதான். மீதிப் பாதியையும் கற்றுத் தருவது, விமானியை நம்பி ஏறும் ஒவ்வொருவருக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன்.