மாடு மேயும் வயலில் இடி முழக்கம்!
2 ஆயிரம் பேர் வாழும் கிராமத்துக்கு 85 ஆயிரம் விருந்தாளிகள்

ஜெர்மனி நாட்டின் வட பகுதியில் ஒரு சிறு கிராமம் இருக்கிறது. அதன் பெயர் வாக்கன்.

ஹாம்பர்க் என்ற துறைமுக நகரத்தில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரம். ஊரின் மக்கள் தொகை சுமார் 2 ஆயிரம்தான். சுற்றிலும் பச்சைப் புல்வெளி. புல்வெளியில் கறவை மாடுகள். நடுவே ஒரு தேவாலயம். ஆண்டு முழுவதும் ஊர் அமைதியாக இருக்கும்.

ஆனால் கோடைகாலத்தில் ஒரே ஒரு வாரம் மட்டும் அந்த அமைதி பறந்துவிடும்!

கறுப்புச் சட்டை அணிந்தவர்கள் ஆயிரம் ஆயிரமாக வந்து இறங்குவார்கள். பலருக்கு இடுப்பு வரை தலைமுடி; மார்பு வரை தாடி; கை நிறையப் பச்சை. பெண்களும் வருவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் வருவார்கள். மாடு மேய்ந்த வயலில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள்.

பிறகு முழக்கம் தொடங்கும். மின்சாரக் கிடார் அலறும். முரசு இடி போல் அதிரும். பாடகர் அடித்தொண்டையில் இருந்து கர்ஜிப்பார். நிற்பவர்களின் நெஞ்சுக்கூடு அதிரும்!

இதுதான் "ஹெவி மெட்டல்" என்ற இசை. "கன உலோகம்" என்று பொருள். ராக் இசையின் முரட்டுப் பிள்ளை இது. இந்த இசைக்காக உலகில் நடக்கும் மிகப் பெரிய விழாக்களில் ஒன்று வாக்கன் விழா.

800 பேரில் தொடங்கியது

இந்த விழாவைத் தொடங்கியவர்கள் பெரிய முதலாளிகள் அல்ல. அந்தப் பகுதி வாலிபர்கள் இருவர். ஒருவர் தாமஸ் ஜென்சன். மற்றவர் ஹோல்கர் ஹியூப்னர்.

"நம் ஊரிலேயே ஒரு கச்சேரி வைத்தால் என்ன?" என்று இருவருக்கும் ஆசை பிறந்தது. 1990-ம் ஆண்டு ஆகஸ்டு 24, 25 தேதிகளில் முதல் விழா நடந்தது. வெள்ளி, சனி ஆகிய 2 நாள்தான். ஊர் ஓரத்தில் இருந்த ஒரு பள்ளம்தான் அரங்கம். பாடிய குழுக்கள் 6. வந்தவர்கள் சுமார் 800 பேர்.

தொடக்க ஆண்டுகளில் வரவுக்கு மேல் செலவு ஆனது. கடன் ஏறியது. நண்பர்கள் இருவரும் விடவில்லை. ஆண்டுதோறும் விழா வளர்ந்தது. இன்று விழா 4 நாள் நடக்கிறது. 85 ஆயிரம் பேர் வருகிறார்கள். விழா நடக்கும் நிலம் 500 ஏக்கருக்கு மேல்!

பெரிய மேடைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு மேடையில் பாட்டு நடக்கும்போதே அடுத்த மேடையில் வாத்தியங்களை எடுத்து வைப்பார்கள். இந்தப் பாட்டு முடிந்ததும் அந்தப் பாட்டு தொடங்கிவிடும். ரசிகர் காத்து நிற்க வேண்டியதில்லை.

விரல் போனது, இசை பிறந்தது

இத்தனை பேரை இழுக்கும் இந்த இசை எங்கே பிறந்தது? இங்கிலாந்தின் இரும்புத் தொழில் நகரமான பர்மிங்காமில்.

டோனி அயோமி என்ற 17 வயது வாலிபர் அங்கே ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருக்குக் கிடார் என்றால் உயிர். ஒரு இசைக்குழுவில் சேருவதற்காக வேலையை விட முடிவு செய்தார். அன்று கடைசி நாள். மதியம் வீட்டுக்கு வந்தவர், "இனிமேல் போகவில்லை" என்றார். தாயார் விடவில்லை. "எடுத்த வேலையை முடித்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார்.

அன்று ஒரு தொழிலாளி வரவில்லை. அவருடைய எந்திரத்தில் டோனி நின்றார். பழக்கம் இல்லாத எந்திரம். அது அவருடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனியைத் துண்டித்துவிட்டது!

டோனி இடது கைப் பழக்கம் உள்ளவர். கிடாரின் தந்திகளை அவர் அழுத்துவது வலது கை விரல்களால்தான். "இனி வாசிக்க முடியாது" என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

டோனி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினார். விரல் நுனிக்கு இரண்டு குப்பிகள் செய்தார். மேலே தோல் ஒட்டினார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அப்போது எழுந்தது ஒரு கனத்த, இருண்ட ஓசை. அதுவே "பிளாக் சாபத்" என்ற அவருடைய குழுவின் அடையாளம் ஆனது.

அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி வெளிவந்தது. ஹெவி மெட்டலின் பிறந்த நாள் அதுதான் என்று ரசிகர்கள் பலர் சொல்லுகிறார்கள்.

பாட்டி காட்டிய முத்திரை

வாக்கன் கூட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு முத்திரை தெரியும். ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் கொம்பு போல் நிமிர்ந்து நிற்கும். மற்ற விரல்கள் மடங்கி இருக்கும்.

"இது சாத்தானை வணங்கும் அடையாளம்" என்று சிலர் பயப்படுவது உண்டு. உண்மை வேறு. இதைப் பரப்பியவர் ரோனி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர். 1979-ல் பிளாக் சாபத் குழுவில் சேர்ந்தவர். இத்தாலிய வம்சத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டி, கண்ணேறு படாமல் இருக்க இப்படி விரல் காட்டுவாராம். பேரன் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். கண்ணேறு கழிப்பது எந்த ஊர்ப் பாட்டிக்கும் பழக்கம்தானே!

விழுந்தால் தூக்கு!

மேடைக்கு எதிரே ரசிகர்கள் வட்டம் போட்டு ஓடுவார்கள். தோளோடு தோள் மோதுவார்கள். பார்ப்பவருக்கு அடிதடி போல் தோன்றும். ஆனால் அதற்கும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் கீழே விழுந்தால், சுற்றி நிற்பவர்கள் உடனே அவனைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒருவனுடைய செருப்போ கண்ணாடியோ விழுந்தால், எடுத்தவன் அதைக் கையில் உயர்த்திப் பிடித்துக் காட்ட வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருவோருக்கு உயரமான தனி மேடை உண்டு. காது கேளாதவர்களும் வருகிறார்கள்! அவர்கள் பாட்டைக் கண்ணால் பார்க்கச் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்லுகிறவர்கள் மேடை ஏறுகிறார்கள். முரசின் அதிர்வை அவர்கள் உடம்பால் உணர்கிறார்கள்.

இந்தியக் குழுக்களும் அங்கே பாடியிருக்கின்றன. 2014-ல் மும்பையின் "டெமானிக் ரிசரெக்ஷன்", 2019-ல் டெல்லியின் "பிளடிவுட்". டெல்லிக் குழு பஞ்சாபின் டோல் மேளத்தையும் முழக்குகிறது!

ஊரார் என்ன சொல்லுகிறார்கள்?

2 ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் 85 ஆயிரம் பேர் புகுந்தால் யாருக்கும் கலக்கம் வரும். வாக்கன் மக்களுக்கும் வந்தது. ஆனால் அவர்கள் கதவைச் சாத்தவில்லை. ஊர்க்காரர்களுக்கு விழாச் சீட்டு இலவசம். வயல் உள்ளவர்கள் வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் காலை உணவும் விற்கிறார்கள். சிறுவர்கள் தள்ளுவண்டியில் விருந்தாளிகளின் மூட்டைகளை ஏற்றிச் சென்று காசு சம்பாதிக்கிறார்கள்.

ஊரின் தீயணைக்கும் படைக்கு ஒரு பாண்டு வாத்தியக் குழு உண்டு. ஊதுகுழலும் மேளமுமாக அவர்களும் வாசிப்பார்கள். முரட்டு ரசிகர்கள் கைதட்டி ஆடுவார்கள்!

இந்த ஊர் மக்களின் வாழ்க்கையைக் கொரியாவில் பிறந்த சோ சங்-ஹியுங் என்ற பெண்மணி செய்திப்படமாக எடுத்தார். படத்தின் பெயர் "புல் மெட்டல் வில்லேஜ்". பாடகர்களைவிட விவசாயிகளும் பாட்டிமார்களும்தான் அதில் அதிகம்.

பீர் லாரிகள் ஓடி ஓடி வயல் உழுத நிலம் போல் ஆனது. இதைத் தவிர்க்க 2017-ல் பூமிக்கு அடியில் சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் போட்டு, அதன் வழியே பீர் கொண்டு போனார்கள்.

மழை கொடுத்த பாடம்

"மழையானாலும் வெயிலானாலும் வாக்கனில் சந்திப்போம்" என்பது விழாவின் கோஷம். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா காரணமாக விழா நடக்கவில்லை. 2023-ல் மழை வந்து கோஷத்தையே சோதித்தது.

அந்த ஆண்டு விழாவுக்கு முன்பு பல நாள் மழை கொட்டியது. வயல்கள் சேறு ஆயின. கார்கள் புதைந்தன. விவசாயிகள் டிராக்டர் கட்டி இழுத்தார்கள். சேற்றில் ஆம்புலன்சு போக முடியாவிட்டால் என்ன ஆகும்? விழாக் குழுவினர் நுழைவை நிறுத்தினார்கள். 20 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சீட்டு இருந்தும் உள்ளே போக முடியவில்லை. வெகு தூரம் பயணம் செய்து வந்தவர்கள் கண் கலங்கித் திரும்பினார்கள். அவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்யப்பட்டது. நஷ்டம் பெரிதுதான். ஆனால் உயிர் அதைவிடப் பெரிது அல்லவா?

அதே விழாவில் இன்னொரு காட்சி. "மோட்டார்ஹெட்" குழுவின் பாடகர் லெம்மி 2015-ல் காலமானவர். வாக்கனில் பலமுறை பாடியவர். அவருடைய அஸ்தியில் ஒரு பகுதி அந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. தாடி வைத்த முரடர்கள் தலை குனிந்து நின்றார்கள்.

காதுக்குக் காவல் தேவை

இந்த இசையில் ஓர் ஆபத்து உண்டு. ஓசையை டெசிபல் என்ற அளவால் அளப்பார்கள். 85 டெசிபல் ஓசையை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும். ஓசை 3 டெசிபல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்! காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர் அணுக்கள் ஒருமுறை செத்தால் மீண்டும் முளைப்பது இல்லை. ஆகவே விவரம் தெரிந்த ரசிகர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பெரிய காதுக் கவசம் மாட்டுகிறார்கள். எந்த ஊர்த் திருவிழாவாக இருந்தாலும், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

விழா முடிந்ததும் கூடாரங்கள் பிரிக்கப்படும். குப்பை அள்ளப்படும். வயலில் மறுபடி புல் முளைக்கும். மாடுகள் மேய வரும்.

கர்ஜிக்கும் குரலைக் கேட்டு இவர்களைக் கெட்டவர்கள் என்று எண்ணியவர்கள் உண்டு. வாக்கன் கிராமத்து மக்கள் அப்படி எண்ணவில்லை. பாட்டு பிடிக்காதவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனாலும் வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, "அடுத்த ஆண்டும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.