ஊராட்சியா, பேரூராட்சியா? பலகை மாறும்போது மாறுபவை

2004-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் 'சிறப்புக் கிராம ஊராட்சி' ஆயின. அந்த ஊர்களில் ஒரு தெருகூடக் குறையவில்லை. பேருந்து நிலையமும் வாரச்சந்தையும் இருந்த இடத்திலேயே இருந்தன. அலுவலக வாசலில் தொங்கிய பலகைதான் மாறியது. ஊரக வளர்ச்சிக்கென்று மத்திய அரசு ஒதுக்கும் நிதி பேரூராட்சிக்கு வராது, கிராமம் என்றால் வரும் என்பது அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணம். 2006-இல் ஆட்சி மாறியது. அதே ஊர்கள் மறுபடியும் பேரூராட்சிகள் ஆயின.

2025 புத்தாண்டை ஒட்டி காற்று எதிர்த்திசையில் அடித்தது. 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளையும், 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகளையும் சேர்க்க அரசு முடிவெடுத்தது. கூடவே 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள். அடுத்த சில வாரங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களுக்கு ஊர் ஊராக மக்கள் மனுவோடு வந்தார்கள். ஜனவரி 26 கிராம சபைகளில் பல ஊராட்சிகள் இணைப்பு வேண்டாமென்று தீர்மானம் போட்டன.

ஊர் வளர்ந்து நகரமாவதை ஊர்க்காரர்களே ஏன் எதிர்க்க வேண்டும்?

முதல் காரணம் நூறு நாள் வேலை. 2005-இல் வந்த வேலை உறுதிச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கானதாக இருந்தது. நகர்ப்புற உள்ளாட்சிக்குள் வந்துவிட்ட பகுதி சட்டப்படி ஊரகம் ஆகாது. இணைப்பு உத்தரவு வந்த 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். 100 நாளும் முழுதாகக் கிடைத்தால் 31,900 ரூபாய். முழுதாகக் கிடைத்தது அரிது. ஆனால் இந்த வேலைக்குப் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். வெளியூர் போய் வேலை செய்ய முடியாத வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், துணையை இழந்தவர்கள் எனப் பலருக்குத் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கில் விழுந்த ஒரே காசு அதுதான். நகர எல்லை அவர்கள் வீட்டைத் தாண்டி நகர்ந்த நாளில் அவர்களுடைய வறுமை கொஞ்சமும் நகர்வதில்லை. நகர்ப்புறத்துக்கென ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தை 2022-இல் மாநில அரசு சோதனை முறையில், தேர்ந்தெடுத்த சில நகரங்களில் தொடங்கியது. எல்லா ஊர்களுக்குமான சட்ட உரிமையாக அது வளரவில்லை.

வீட்டுத் திட்டங்களிலும் இதே கோடு குறுக்கே விழுகிறது. குடிசையை கான்கிரீட் வீடாக மாற்றிக்கொள்ள 3.50 லட்சம் ரூபாய் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' ஊரகப் பகுதிகளுக்கானது. ஒரே சாலையின் வடபுறக் குடிசைக்குப் பணம் உண்டு, தென்புறக் குடிசைக்கு இல்லை என்ற நிலையை ஒரு எல்லைக்கோடு உண்டாக்கிவிடும்.

அடுத்தது வரி. கிராமத்தில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒருமுறை. நகர்ப்புறத்தில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. குடிநீர்க் கட்டணமும், பாதாளச் சாக்கடை வந்த ஊர்களில் அதற்கான கட்டணமும் தனி. 2022 ஏப்ரலில் சொத்து வரி சீரமைக்கப்பட்டபோது, சென்னைக்கு வெளியே உள்ள நகர்ப்புறங்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,200 சதுர அடி வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் வரி கூடியது. சொத்து வரியைச் சீராக உயர்த்தும் மாநிலங்களுக்கே நகர்ப்புற மானியம் என்று 15-ஆவது நிதிக் குழு நிபந்தனை வைத்ததை அரசு காரணமாகக் காட்டியது. நிபந்தனை உண்மைதான். ஆனாலும் தெருவிளக்கும் வடிகாலும் வந்து சேருமுன் வரி ரசீது வந்து சேர்ந்தால் ஊர்க்காரர் அதைச் சுமையாகத்தான் பார்ப்பார்.

அரசுத் தரப்பின் நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், வேலை பார்க்கும் ஆண்களில் முக்கால் பங்கினர் விவசாயம் அல்லாத தொழிலில் என்ற மூன்று அளவுகோல்களையும் எட்டிய, ஆனால் நகர்ப்புற உள்ளாட்சி அந்தஸ்து இல்லாத 376 ஊர்களை அந்தக் கணக்கெடுப்பு கண்டது. 'கணக்கெடுப்பு நகரங்கள்' என்று அவற்றுக்குப் பெயர். தேசிய நெடுஞ்சாலையும் கல்லூரிகளும் அடுக்குமாடி வீடுகளும் வந்துவிட்ட இத்தகைய ஊர் ஒன்றை ஒரு ஊராட்சிச் செயலரும், மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரும், சில தூய்மைக் காவலர்களும் சேர்ந்து எப்படித் தாங்குவார்கள்? வடிகால் இல்லாத மனைப்பிரிவுகளின் கழிவுநீர் கண்மாய்க்குள் போகிறது. குப்பையைக் கொட்ட இடமில்லாமல் ஏரிக்கரையில் கொளுத்துகிறார்கள். செயல் அலுவலர், பொறியாளர், சுகாதாரப் பிரிவு என்று ஆள்பலம் உள்ள அமைப்பு இந்த ஊர்களுக்குத் தேவைதான்.

ஆக, இணைப்பே தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. யாரைக் கேட்டு என்பதுதான் கேள்வி.

ஓர் ஊர் கிராமமா நகரமா என்பதை அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு ஆளுநரின் அறிவிக்கைக்கு, அதாவது நடைமுறையில் மாநில அரசுக்கு, விட்டிருக்கிறது. மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருவாய், விவசாயம் சாராத வேலைகள், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத வேண்டும். இவை போக 'பொருத்தமெனக் கருதும் பிற காரணங்களும்' உண்டு. கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தரப்படுகிறது. ஆனால் ஆட்சேபித்தவர்கள் பெரும்பான்மையாக இருந்தாலும் அரசைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு எதுவும் கிடையாது. கிராம சபை போட்ட தீர்மானம் ஒரு கோரிக்கையாகவே நிற்கிறது.

பலகை மாறியதும் அந்தக் கிராம சபையே இல்லாமல் போகிறது. வேலையும் வரியும் பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை. ஆனால் ஆழமான இழப்பு இதுதான். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டும் 2022-இல் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை என்றானது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் எழுந்து, 'போன தடவை போட்ட சாலைக்கு எவ்வளவு செலவு?' என்று தலைவரைக் கேட்கலாம். எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடக்கிறதென்று சொல்ல முடியாது. நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு அரை மணி நேரத்தில் கலைக்கும் ஊர்களும் உண்டு. இருந்தாலும் கேட்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது, பிடிவாதமாகக் கேட்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பேரூராட்சியில் மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமை வார்டு உறுப்பினர்களுக்கே. நகர்ப்புறத்துக்கான வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கூட்டங்களும் நடந்தன. கிராம சபை ஊறியதுபோல் பகுதி சபை மக்கள் பழக்கத்தில் ஊறவில்லை.

தலைவர் தேர்வும் வேறு. ஊராட்சித் தலைவருக்கு ஊரே நேராக ஓட்டுப் போடுகிறது. பேரூராட்சித் தலைவரை, 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்துக்குப் பிறகு, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் பதவியை மக்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பதற்குக் காரைக்குடியை ஒட்டிய சங்கராபுரம் ஒரு சாட்சி. 2019 உள்ளாட்சித் தேர்தலின் ஓட்டு எண்ணிக்கையில் முதலில் ஒருவரும் பிறகு இன்னொருவரும் வென்றதாக அங்கே அறிவிக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கண்டனூர், கோட்டையூர் பேரூராட்சிகளோடும் அரியக்குடி, கோவிலூர் உள்ளிட்ட ஊராட்சிகளோடும் சங்கராபுரமும் அதற்குள் போயிற்று. இத்தனை வழக்காடிப் பெற்ற தலைவர் நாற்காலி இனி அந்த ஊருக்கு இல்லை. சங்கராபுரம் இப்போது ஒரு மாநகராட்சியின் பகுதி.

கவலை தரும் இன்னொன்று காலம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் (இன்றைய கணக்கில் 28) ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. இணைப்பு உத்தரவுகளுக்கும் அந்தத் தேதிக்கும் இடையில் ஒரு வாரம்கூட இல்லை. ஊர் தன் தலைவிதியைப் பற்றிப் பேச வேண்டிய மாதங்களில் ஊருக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருமில்லை. தனி அலுவலர் இருந்தார். அந்த மாவட்டங்களில் ஜனவரி 26 கிராம சபைகள் தலைவர் இல்லாமல்தான் கூடின.

நகரங்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தபோது, அறிவித்திருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 489 பேரூராட்சிகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் அலுவலர்களே ஆண்டார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. குடிநீர் வராத தெருக்காரர்கள் மனுவை எடுத்துக்கொண்டு, பல ஊர்களின் பொறுப்பைச் சேர்த்துச் சுமக்கும் அலுவலர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துப் போனார்கள்.

2022-இல் வந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைகிறது. சேர்க்கப்பட்ட ஊராட்சிப் பகுதிகள் தங்களுக்கென்று ஓர் உறுப்பினரை அனுப்ப வேண்டுமானால், அதற்குள் வார்டு எல்லைகள் மறுபடி வரையப்பட வேண்டும், பெண்களுக்கான 50 சதவீத இடங்களும் பட்டியலினத்தவர், பழங்குடியினர் இடங்களும் குறிக்கப்பட வேண்டும். 2016-இல் தேர்தல் நின்றது பழங்குடியினர் இட ஒதுக்கீடு குறித்த வழக்கில்தான்.