முன் பெஞ்சுக்காரரின் ரீல்ஸ்

2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது, கடலோர ஊரான பனித்திட்டிலும் போன்தான் வகுப்பறை. அப்பா போனோடு கடலிலிருந்து திரும்பினால்தான் பாடம் என்ற வீடுகளும் இருந்தன. வகுப்பறை பழையபடி திறந்துவிட்டது. போன் மட்டும் கையைவிட்டு இறங்கவில்லை. டீச்சர் ஒளிச்சேர்க்கை நடத்தும்போது கேம் ஆடிக்கொண்டே, "காது இங்கேதானே இருக்கு!" என்கிறீர்கள்.

காது இருக்கும், சரி. மூளை?

சோதித்துப் பார்த்துவிடலாம். அ முதல் ஔ வரை மடமடவென்று சொல்லுங்கள். உடனே 1 முதல் 12 வரை எண்ணுங்கள். எத்தனை விநாடி ஆயிற்று என்று அக்கா பார்த்துக்கொள்ளட்டும். அடுத்து இரண்டையும் கலந்து: அ, 1, ஆ, 2, இ, 3... 'ஏ' வரும்போது எண் 7-ஆ, 8-ஆ என்று நாக்கு தடுமாறுகிறதா? சொன்னவை அதே 24 தான். ஆனாலும் நேரம் கூடிவிடும். எழுத்து வரிசையை விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு எண் வரிசைக்குத் தாவ வேண்டும், மறுபடி திரும்ப வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் மூளை கொஞ்சம் நேரம் கேட்கிறது. எழுத்தும் எண்ணும் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்தவை. அதற்கே இந்தப் பாடு. புதிதாகக் கேட்கும் ஒளிச்சேர்க்கை என்ன ஆகும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூசன் ரவிட்ஸா குழுவினர், மாணவர்களின் சம்மதத்தோடு, வகுப்பில் அவர்கள் பார்த்த இணையப் பக்கங்களைப் பதிவுசெய்தார்கள். 1 மணி 50 நிமிட வகுப்பில் சராசரியாக 37 நிமிடம் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களில் போயிருந்தது! அப்படிப் பார்த்தது கூடக்கூட இறுதித் தேர்வு மதிப்பெண் குறைந்தது. கெட்டிக்கார மாணவர்களுக்கும் இதில் சலுகை கிடைக்கவில்லை.

எனக்கு இதைவிட உறைத்தது கனடாவில் ஃபாரியா சனா குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வுதான். பாடத்தின் நடுவே லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்கள், பாடத்தை மட்டும் கவனித்தவர்களைவிட நூற்றுக்கு 11 மதிப்பெண் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு சோதனையில் சிலருக்குக் காகிதமும் பென்சிலும் மட்டும்தான். ஆனால் முன்னால் இருந்தவரின் திரை கண்ணில் பட்டது. திரை எதுவும் கண்ணில் படாதவர்களைவிட அவர்களுக்கு 17 மதிப்பெண் குறைந்தது! யாரோ பார்த்த படத்துக்கு இவர்கள் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.

வகுப்பில் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும், தம்பி தங்கைகளே. பார்த்தே தீருவேன் என்று யாராவது அடம்பிடித்தால், கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுங்கள். மற்றவர்கள் மார்க்காவது தப்பட்டும்.