ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்... ஸ்கோப் நிக்குமா? கம்பம் பள்ளத்தாக்கில் பறவை பார்ப்போர் ட்ரைபாட் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பல மாதம் பணம் சேர்த்து ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குறீங்க. வீட்டுல ஏற்கெனவே இருக்கிற செல்போன் ட்ரைபாடுல மாட்டிக்கிட்டு கண்மாய்க் கரைக்குப் போறீங்க. கண்ணை வெச்சுப் பார்த்தா பறவை டான்ஸ் ஆடுது. உடனே 'ஸ்கோப் சரியில்லையோ?' என்ற சந்தேகம் வருது. பெரும்பாலும் கோளாறு ஸ்கோப்பில் இல்லை, அதைத் தாங்கி நிற்கும் மூன்று கால்களில்தான்.

பறவை பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டில் வேகமாகப் பரவி வருகிறது. 2015 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் பறவைகளைக் கவனித்து இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தால், யார் வேண்டுமானாலும் இதில் சேரலாம். பைனாகுலரில் தொடங்கியவர்கள் அடுத்த கட்டமாக ஸ்கோப் வாங்கும்போது பெரும்பாலும் கோட்டை விடுவது ட்ரைபாட் விஷயத்தில்தான். என்னென்ன கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் என்ன செய்யும்?

பைனாகுலர் பொதுவாக 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஸ்பாட்டிங் ஸ்கோப் 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும். பறவையைப் பெரிதாக்கும் அதே கண்ணாடி, கை நடுக்கத்தையும் காற்று தரும் அதிர்வையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஸ்கோப்பின் முன்முனை, அது மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அந்த முனை வெறும் 1 மில்லிமீட்டர் அசைந்தால், 500 மீட்டர் தூரத்தில் நீங்கள் பார்க்கும் புள்ளி இரண்டரை மீட்டர் விலகிப் போகும். 60 மடங்கில், அந்தத் தூரத்தில் உங்களுக்குத் தெரியும் காட்சியின் மொத்த அகலமே சுமார் 9, 10 மீட்டர்தான். அதாவது காட்சியில் கால்வாசி நகர்ந்துவிடும்.

உள்ளான் வகைப் பறவைகளைப் பிரித்துச் சொல்ல கால் நிறம், கண்ணுக்கு மேல் இருக்கும் வெள்ளைக் கோடு போன்ற நுணுக்கங்களைப் பார்க்கணும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பறவையின் கால் நிறத்தை, ஆடுகிற காட்சியில் எப்படிப் பார்ப்பது? தப்பான பெயரில் பதிவு ஏறுவது இப்படித்தான்.

கம்பத்தில் காற்று ஏன் இப்படி அடிக்குது?

தமிழ்நாட்டில் காற்றாலைகள் அமைய நான்கு கணவாய்கள் முக்கியக் காரணம்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, அப்புறம் நம்ம கம்பம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இந்த இடைவெளிகள் வழியாகப் புகுந்து வேகமெடுக்கிறது. கம்பத்துக்கு மேலே கேரள எல்லையில் உள்ள ராமக்கல்மேட்டிலும், இந்தப் பக்கம் தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்திலும் காற்றாலைகள் சுற்றுவது இதனால்தான்.

வெளிநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் வலசைப் பறவைகள் வரும் அக்டோபர் முதல் மார்ச் வரை காற்று இந்த அளவுக்கு இருக்காது. ஆனால் பறவை பார்க்கும் இடங்கள் எல்லாமே திறந்த வெளி. முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளையும் வயல்வெளி, வைகை அணைக் கரை, மேகமலை முகடு... எங்கேயும் ஒதுங்க இடம் குறைவு. எனவே ஏ.சி. போட்ட கடைக்குள் ஆடாமல் நிற்கும் ட்ரைபாட் இங்கேயும் நிற்கும் என்று நம்ப முடியாது.

கால்கள்: எதைப் பார்த்து வாங்கணும்?

*எத்தனை கிலோ தாங்கும்?* ஸ்கோப் 1.8 கிலோ, ஹெட் 800 கிராம், செல்போனும் அதை மாட்டும் அடாப்டரும் 400 கிராம் என்று வைத்தால் மொத்தம் 3 கிலோ. அட்டையில் '3 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தால் அது போதாது. கால்கள் ஒடியாது என்பது வேறு, ஆடாது என்பது வேறு. மொத்த எடையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு, அதாவது 6 கிலோவாவது தாங்கும் கால்களைத் தேர்ந்தெடுங்கள்.

*எத்தனை மடிப்பு?* மூன்று மடிப்புக் காலில் இணைப்புகள் குறைவு, அதனால் உறுதி அதிகம். நான்கு மடிப்பு சின்னதாகச் சுருங்கும். பஸ்ஸிலும் பைக்கிலும் கொண்டுபோக வசதி. ஆனால் கடைசிக் குழாய் பென்சில் மாதிரி ஒல்லியாக இருந்தால் வேண்டாம். ஆட்டம் முதலில் அங்கேதான் தொடங்கும்.

*நடுத்தண்டு:* கால்களை விரித்த பிறகு, நடுவில் உள்ள தண்டை மேலே தூக்கி உயரம் கூட்டுவது பலரின் பழக்கம். அப்படிச் செய்தால் மூன்று காலில் நிற்க வேண்டிய ஸ்கோப் ஒற்றைக் குச்சியில் நிற்கிறது. தண்டைத் தூக்காமலேயே உங்களுக்குத் தேவையான உயரம் வருகிறதா என்று பாருங்கள்.

*அலுமினியமா, கார்பன் ஃபைபரா?* அலுமினியம் விலை குறைவு, எடை கூடுதல். கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், ஆனால் விலை அதிகம். மலையில் நீண்ட தூரம் நடப்பவர்களுக்கு கார்பன் வசதி. வண்டியை நிறுத்திவிட்டு வயல் வரப்பில் பார்ப்பவர்களுக்கு நல்ல அலுமினியமே போதும். காற்றுள்ள இடத்தில் கொஞ்சம் எடை இருப்பதும் நல்லதுதான்.

ஹெட்: பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான்

காலுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் இருப்பதுதான் ஹெட். கேமரா கடைகளில் அதிகம் கிடைப்பது பால் ஹெட். ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சுழலும். போட்டோ எடுக்க அருமை. ஸ்கோப்புக்கு அதுவே ஆபத்து. திருகைத் தளர்த்திய நொடியில் கனமான ஸ்கோப் தலைகுப்புறச் சாயும். விரல் நசுங்கலாம், ட்ரைபாடே கவிழலாம்.

ஸ்கோப்புக்கு ஏற்றது வீடியோகிராஃபர்கள் பயன்படுத்தும் ஃப்ளூயிட் ஹெட். இதில் நீளமான கைப்பிடி ஒன்று இருக்கும். இடது-வலது, மேலே-கீழே என இரண்டு அசைவுகளும் தனித்தனி. உள்ளே இருக்கும் கெட்டியான திரவம் அசைவை நிதானமாக்குகிறது. பறந்துகொண்டிருக்கும் பருந்தை வழுக்காமல் பின்தொடரலாம், கையை எடுத்த இடத்தில் ஸ்கோப் நிற்கும்.

விலை குறைந்த சில ஹெட்கள் பெயரில் மட்டும் ஃப்ளூயிட். உள்ளே வெறும் உராய்வுதான். மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நின்று நின்று 'டக் டக்' என நகர்ந்தாலோ, கையை எடுத்ததும் கொஞ்சம் பின்னால் வந்தாலோ அது வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஸ்கோப்பின் அடியில் மாட்டும் பிளேட். ஒற்றைத் திருகில் நிற்பதால், சரியாக இறுக்காவிட்டால் ஸ்கோப் லேசாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் நீளமான பிளேட் வாங்குங்கள். முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமப்படுத்தலாம். திருகை இறுக்க பையில் ஒரு நாணயம் எப்போதும் இருக்கட்டும்.

குள்ளமா நிறுத்தினா நல்லது

ஸ்கோப்பில் இரண்டு வகை உண்டு. நேராகப் பார்ப்பது ஒன்று, 45 டிகிரி சாய்ந்த ஐபீஸில் குனிந்து பார்ப்பது இன்னொன்று. சாய்ந்த வகைக்கு ட்ரைபாடை நெஞ்சு உயரத்துக்கு நிறுத்தினால் போதும். உயரம் குறையக் குறைய ஆட்டமும் குறையும். கணக்கெடுப்புக்கு நாலைந்து பேர் சேர்ந்து போகும்போது உயரமானவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே ஸ்கோப்பில் மாறி மாறிப் பார்க்கவும் இதுதான் வசதி. நேர் ஸ்கோப்பில் பறவையைச் சட்டென்று பிடிப்பது எளிது, ஆனால் கண் உயரம் வரை ட்ரைபாடைத் தூக்க வேண்டியிருக்கும்.

கடையிலேயே செய்யக்கூடிய 2 நிமிட டெஸ்ட்

உங்கள் ஸ்கோப்பைக் கையோடு கொண்டு போங்கள். கடை வாசலில் ட்ரைபாடை நிறுத்தி, தெருக்கோடியில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை 60 மடங்கில் பாருங்கள்.

1. ஸ்கோப்பை விரலால் லேசாகத் தட்டுங்கள். எழுத்துகள் ஆடி நிற்க எத்தனை நொடி ஆகிறது? ஒன்றிரண்டு நொடியில் அடங்கினால் நல்லது. நாலைந்து நொடி ஆடிக்கொண்டே இருந்தால் வேறு பாருங்கள்.

2. ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். திருப்பும்போதே எழுத்து தெளிவாவது தெரிகிறதா, இல்லை கையை எடுத்த பிறகுதான் தெரிகிறதா?

3. ஹெட்டின் மேல்-கீழ் பூட்டைத் தளர்த்துங்கள். ஒரு கை ஸ்கோப்பிலேயே இருக்கட்டும். முன்பக்கமோ பின்பக்கமோ சாய்கிறதா? பிளேட்டை நகர்த்திய பிறகும் சாய்ந்தால் அந்த ஹெட் உங்கள் ஸ்கோப்புக்குப் பத்தாது.

4. தலைப்பகுதியைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். கால்கள் நெளிந்தால் இணைப்புகள் உறுதியாக இல்லை என்று அர்த்தம்.

காற்றில் எப்படி நிறுத்தணும்?

நல்ல ட்ரைபாட் வாங்கினாலும் நிறுத்தும் விதம் முக்கியம். கால்களை முழுதாக விரியுங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் ஒரு கால் நீண்டிருக்கட்டும். ஸ்கோப் கவிழாமல் அது முட்டுக் கொடுக்கும். நடுத்தண்டின் கொக்கியில் பையை மாட்டலாம், ஆனால் பை தரையைத் தொட்டபடி இருக்கணும். தொங்கி ஊஞ்சலாடினால் அதுவே அதிர்வைக் கூட்டும். காற்றில் படபடக்கும் கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். வண்டி, சுவர், திராட்சைத் தோட்டத்துக் கல்தூண் என எது கிடைத்தாலும் அதன் மறைவில் நில்லுங்கள். அப்படியும் ஆடினால் 60 மடங்கை விட்டு 25, 30-க்கு இறங்குங்கள். ஆடாத 30 மடங்கு, ஆடும் 60 மடங்கை விட அதிகம் காட்டும்.

முக்கியமாக, காற்றடிக்கும்போது ஸ்கோப்பைத் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீங்க. ஒரு தடவை கவிழ்ந்தால் அவ்வளவுதான், உள்ளே லென்ஸ் விலகிவிடும்.

பறவைக்கு என்ன லாபம்?

மேகமலைக் காடுகளில் மலை இருவாச்சி வாழ்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, சின்ன இடைவெளி மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை கொண்டுவரும் பழங்களை நம்பித்தான் உள்ளே தாயும் குஞ்சும் உயிர் வாழ்கின்றன. மனிதர்கள் மரத்தடிக்குப் போய் நின்றால் ஆண் பறவை கிட்டே வரத் தயங்கும். அந்த நேரம் முழுக்க உள்ளே இருப்பவை பட்டினிதான்.

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இங்கே வனத்துறை அனுமதிக்காத இடங்களில் இறங்கி நடப்பது சட்டப்படியும் தவறு. ஆடாத ஸ்கோப் இருந்தால் சாலையோரத்தில் நின்றபடியே அலகின் மஞ்சள் நிறம் வரை பார்க்கலாம். காட்சி ஆடினால்தான் 'இன்னும் கொஞ்சம் கிட்டே போவோம்' என்று தோன்றும்.

பராமரிப்பு: ஒரு நிமிட வேலை

வயல் சேற்றிலோ கண்மாய்த் தண்ணீரிலோ காலை ஊன்றினால் வீட்டுக்கு வந்ததும் கால்களை முழுதாக நீட்டி, நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகே மடக்குங்கள். உள்ளே மணல் போனால் பூட்டுகள் பிடிக்காது. சேற்றில் நிறுத்தும்போது கடைசிக் குழாயை முதலில் நீட்டினால் மேலே உள்ள இணைப்புகள் நனையாமல் தப்பும்.

ஒரே வரியில் சொன்னால்

ஸ்கோப்புக்கு என்று பணம் எடுத்து வைக்கும்போதே, ட்ரைபாடுக்கும் ஹெட்டுக்கும் ஒரு பங்கை முதலில் ஒதுக்குங்கள். பட்ஜெட் இடித்தால் ஸ்கோப்பில் ஒரு படி இறங்குங்கள், காலில் இறங்காதீங்க. நடுத்தரமான ஸ்கோப் நல்ல காலில் நின்றால் பறவையைக் காட்டும். விலை உயர்ந்த ஸ்கோப் ஆடுகிற காலில் நின்றால் கம்பத்துக் காற்றை மட்டும்தான் காட்டும்.