உங்களுக்குத் தெரியுமா? டெங்குவை விரட்டிய குட்டி உயிர்

வியட்நாமின் வடக்கு, நடுப்பகுதிக் கிராமங்களில் டெங்குவை விரட்டியதில் பெரும்பங்கு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் உயிரினத்துக்கு உண்டு. மீசோசைக்ளோப்ஸ் என்பது அதன் பெயர். இறால், நண்டு வகையறாவுக்குத் தூரத்து உறவு. தண்ணீர்த் தொட்டியில் விட்டால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழுக்களைத் தின்றுவிடும்.

ஆனால் அதைத் தொட்டி தொட்டியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஊர்மக்கள்தாம். சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்காரர்களிடம் பேசிப் புரியவைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மழைநீர் தேங்கும் பழைய கலன்கள் அகற்றப்பட்டன. 2005இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின்படி, 37 ஊர்த்தொகுதிகளில் 32இல் ஏடிஸ் எஜிப்தி கொசு அடியோடு ஒழிந்தது. புகைமருந்தை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏடிஸ் முட்டைகள் கலனின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தொட்டி, குடம், டிரம் எல்லாவற்றின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவி, இறுக மூடி வையுங்கள்.